வேலை செய்ததற்காகச் சிறை சென்றவர்



சென்ற மாதம் மெர்கோங்கிலிருந்து புறப்பட்டு ஒரு தோட்டத்துக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாய் அடைத்துக் கொண்டு, முழங்கால் அளவுக்கு அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரே கொசு. இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். நிர்வாகத்திடம் மூன்று தடவை சொல்லியும் ஒரு அசைவையும் காணோம்.

இளைஞர்கள் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தூக்கிக் கொண்டு போய் நாமே வெட்டி விட்டு விடுவோம் என்றார்கள். உடனே பால்வெட்டில் நாற்பது வருஷம் கழித்த பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்து விட்டது. நிர்வாகம் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை நாம் ஓசியில் செய்து கொடுப்பதா, இதற்குத்தானா சங்கத்துக்குச் சந்தா கட்டினோம் என்று சத்தம் போட்டார். இரண்டு தரப்பும் நம் முகத்தைப் பார்த்தன. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அன்றைக்கு நாம் சரியான பதில் சொல்லவில்லை. அதை ஒப்புக் கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் ஒரு மனிதரின் நினைவு வந்தது. அவர் நம்மவர் அல்ல. இத்தாலி தேசத்துக்காரர். நம்மைப் போலக் கூலிக்கு உழைத்த ஜனங்களோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து மறைந்தவர். சம்பளம் வாங்காமல் ஒரு ரோட்டைச் செப்பனிட்ட குற்றத்துக்காகக் கைவிலங்கு பூண்டவர். அவர் பெயர் டனிலோ டோல்சி. இந்த வாரம் அவர் கதையைப் பார்ப்போம்.

படிப்பை விட்ட மாணவர்

டோல்சி பிறந்தது 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி. பிறந்த ஊர் செசானா. அப்போது அது இத்தாலியில் இருந்தது. இப்போது ஸ்லோவேனியா நாட்டில் இருக்கிறது. தகப்பனார் ரயில்வே உத்தியோகஸ்தர். இத்தாலியின் தெற்குக் கோடியில், கடலுக்கு நடுவே கிடக்கும் பெரிய தீவு சிசிலி. அங்கே டிராப்பேட்டோ என்று ஒரு மீனவக் கிராமம். தகப்பனார் அந்த ஊர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் டோல்சியும் அங்கே போய் வந்தார். அந்த ஊரின் வறுமை அந்தச் சின்ன வயதிலேயே அவர் கண்ணில் பட்டு விட்டது.

இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம். நம் நாட்டில் ஜப்பான்காரன் ஆண்ட அதே காலம். இத்தாலியில் முசோலினியின் பாசிச ஆட்சி. 1943ல் அந்தப் படையில் சேர மாட்டேன் என்று டோல்சி மறுத்தார். பிடிபட்டார், தப்பினார், மலைப்பக்கத்தில் ஆடு மேய்க்கும் குடியானவர்களோடு ஒளிந்து வாழ்ந்தார். போர் முடிந்ததும் மிலான் நகரில் கட்டடக்கலை படித்தார். படித்துக் கொண்டே தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்கும். பெரிய கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1950ல் படிப்பை அப்படியே விட்டு விட்டு, நொமதெல்பியா என்ற குடியிருப்புக்குத் தொண்டராகப் போய்ச் சேர்ந்தார். போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைக் குடும்பம் குடும்பமாக வைத்து வளர்ப்பதற்கு ஒரு பாதிரியார் ஏற்படுத்திய இடம் அது. அங்கே டோல்சி மண்ணை வெட்டினார், காடு மேடுகளைத் திருத்தினார், பிள்ளைகளோடு உண்டு உறங்கினார். இப்படி ஒன்றரை ஆண்டுக் காலம்.

பலருடைய தொண்டு இந்த அளவோடு முடிந்து விடும். இன்றைக்கும் இத்தாலியின் நாட்டுப்புறங்களுக்குப் பல தேசத்து இளைஞர்கள் போகிறார்கள். அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். திராட்சை பறிப்பு முடிந்து, ஒலிவக் காய் பறிப்புத் தொடங்கும் பருவம். விவசாயி வீட்டில் தங்கி, காய் பறித்துக் கொடுத்து, சாப்பாடும் படுக்கையும் பெற்று, சில மாதமோ ஒரு வருஷமோ இருந்து விட்டுத் திரும்புகிறார்கள். நல்ல அனுபவந்தான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் டோல்சி ஒரு வருஷத்தோடு திரும்பவில்லை. நல்ல குடியிருப்புக்குள் நாம் மட்டும் அன்பாக வாழ்ந்தால் போதுமா, வெளியே பசியில் கிடக்கிறவர்கள் என்ன ஆவது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல், டிராப்பேட்டோவில் வந்து இறங்கினார்.

இலையுதிர் காலத்தில் ஒரு பட்டினி

சிசிலியின் மேற்குப் பகுதி அப்போது எப்படி இருந்தது? நிலமெல்லாம் சிலர் கையில். மற்றவர்கள் தினக்கூலி. விடிவதற்கு முன்னால் ஊர்ச் சதுக்கத்தில் போய் நிற்க வேண்டும். கங்காணி மாதிரி ஒருவன் வந்து, நீ வா, நீ வேண்டாம் என்று பொறுக்கி எடுப்பான். நம் பாட்டன்மார் பெரட்டுக் களத்தில் நின்ற காட்சி ஞாபகம் வருகிறதல்லவா? நம் பெரட்டிலாவது பெயர்ப் பதிவு உண்டு. அவர்களுக்கு அதுவும் கிடையாது. திராட்சை பறிக்கும்போதும் ஒலிவம் பறிக்கும்போதும் கொஞ்ச நாள் வேலை. மற்ற மாதங்களில் அடுப்பில் பூனை தூங்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்று வாழ்ந்த கெடா மாநிலத்துக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை.

டிராப்பேட்டோவில் ஏழைகள் வாழ்ந்த பகுதியின் நடுவே திறந்த சாக்கடை ஓடியது. 1952 அக்டோபர் மாதம், அந்த ஊரில் ஒரு குழந்தை பசியால் செத்துப் போனது. தாயிடம் பால் இல்லை, வாங்கக் காசும் இல்லை. அக்டோபர் 14ஆம் தேதி டோல்சி அந்தக் குழந்தையின் படுக்கையிலேயே படுத்துக் கொண்டு, உண்ணாவிரதம் தொடங்கினார். ஊர் ஜனங்களுக்கு வேலையும் வசதியும் தர அரசாங்கம் முன்வரும் வரை சாப்பிடப் போவதில்லை என்று அறிவித்தார். அவர் செத்தால் அடுத்தவர் அந்த இடத்தில் படுப்பார் என்று ஏற்பாடும் இருந்தது. ஒரு வாரம் போன பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள். தெரு, சாக்கடை, மருந்துக் கடை முதலிய அவசர வேலைகளைத் தொடங்குவதாக வாக்களித்தார்கள். உண்ணாவிரதம் முடிந்தது.

மறு வருஷம், அந்த ஊரிலேயே ஐந்து பிள்ளைகளை வைத்துக் கொண்டு கஷ்டப்பட்ட ஒரு கைம்பெண்ணை அவர் மணந்து கொண்டார். வெளியூரிலிருந்து வந்த படித்த தம்பி என்ற நிலை மாறி, ஊருக்குள்ளே ஒருவராகி விட்டார்.

மண்வெட்டி பிடித்த வேலைநிறுத்தம்

டிராப்பேட்டோவுக்குப் பக்கத்திலே பார்ட்டினிக்கோ என்ற பெரிய ஊர். கொள்ளைக்காரர்களின் ஊர் என்று அதற்குக் கெட்ட பெயர். டோல்சி வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். கொள்ளைக்காரர் என்று பிடிக்கப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருஷம் இருந்தார்கள், ஜெயிலில் எத்தனை வருஷம் இருந்தார்கள் என்று கூட்டிப் பார்த்தார். ஜெயில் வருஷம் பள்ளி வருஷத்தைப் போல் பல மடங்கு இருந்தது! பள்ளிக்கூடமும் வேலையும் கொடுக்காத அரசாங்கம், போலீசை மட்டும் தாராளமாக அனுப்பி வைத்திருந்தது. இந்தக் கணக்கை 1955ல் புத்தகமாகப் போட்டார். நாடே திடுக்கிட்டது.

தோழர்களே, இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். வேலை நிறுத்தம் என்றால் என்ன? முதலாளியிடம் வேலை செய்கிறவன் கையைக் கட்டிக் கொண்டு நிற்பது. சரி, வேலையே இல்லாதவன் எதை நிறுத்துவான்? அவனிடம் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? இதற்கு இத்தாலியத் தொழிற்சங்கங்கள் ஏற்கெனவே ஒரு வழி கண்டிருந்தன. தலைகீழ் வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயர். ஊருக்குத் தேவையான ஒரு வேலையை, யாரும் சொல்லாமலே, கூலியும் கேட்காமலே, எல்லாரும் சேர்ந்து செய்வது. வேலை இங்கே கிடக்கிறது, செய்யக் கையும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டிய அரசாங்கம் எங்கே போயிற்று என்று ஊரறியக் கேட்பது.

பார்ட்டினிக்கோவுக்கு வெளியே சேறும் பள்ளமுமாக ஒரு பழைய வண்டிப் பாதை கிடந்தது. 1956 பிப்ரவரி 2ஆம் தேதி காலையில், டோல்சியும் வேலையில்லாத கூலிகளும் மண்வெட்டி சகிதம் அங்கே போனார்கள். எதற்காகப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். ஒளிவு மறைவு கிடையாது. ரொட்டி அறுக்கும் சின்னக் கத்தியைக் கூட யாரும் கொண்டு வரக்கூடாது என்று கட்டுப்பாடு; ஆயுதத்தோடு வந்தார்கள் என்று பழி போட இடம் கொடுக்கக் கூடாதல்லவா? பள்ளத்தை மூடிக் கொண்டிருக்கும்போதே போலீஸ் வந்து சூழ்ந்தது. டோல்சியும், தொழிற்சங்கக்காரர்கள் சிலரும் கைதானார்கள். பலெர்மோ நகரச் சிறையில் ஏறக்குறைய இரண்டு மாதம் அடைத்து வைத்தார்கள்.

மார்ச் மாதம் வழக்கு நடந்தது. அவர்களுக்காக வாதாட வந்தவர்களில் ஒருவர் பியெரோ கலமாண்ட்ரே. போருக்குப் பின் இத்தாலியின் புதிய அரசியல் சட்டத்தை உருவாக்கிய சபையில் இருந்த பெரிய சட்ட மேதை அவர். அந்த அரசியல் சட்டத்தின் முதல் விதியே, இத்தாலி உழைப்பின் மேல் நிறுவப்பட்ட குடியரசு என்று சொல்கிறது. நான்காவது விதி, வேலை செய்வது ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்றும், சமுதாயத்துக்குப் பயன்படும்படி உழைப்பது அவன் கடமை என்றும் கூறுகிறது. அப்படியானால் குற்றவாளி யார்? அந்தக் கடமையைச் செய்யப் போனவர்களா, செய்ய விடாமல் தடுத்தவர்களா? வழக்கின் சாரம் இதுதான். பெயர் பெற்ற எழுத்தாளர்கள் கூட வந்து சாட்சி சொன்னார்கள். மார்ச் 30ஆம் தேதி தீர்ப்பு. விடுதலை என்று கோர்ட்டு சொல்லவில்லை. 50 நாள் தண்டனை விதித்தது. அத்தனை நாளை அவர்கள் ஏற்கெனவே உள்ளே கழித்து விட்டதால் வெளியே வந்தார்கள். கோர்ட்டில் தோல்விதான். ஆனால் ஐரோப்பா முழுவதும் சிசிலியின் வேலையில்லாத கூலிகளைத் திரும்பிப் பார்த்தது.

யார் கேட்பது, யார் சொல்வது

1957ஆம் ஆண்டுக்கான லெனின் அமைதிப் பரிசு டோல்சிக்குக் கிடைத்தது. அவர் கம்யூனிஸ்டு அல்ல. பரிசுப் பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவும் இல்லை. 1958ல் பார்ட்டினிக்கோவில் எல்லாருக்கும் வேலை என்ற குறிக்கோளோடு ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். ரொக்காமேனா, கொர்லியோனே, மென்பி முதலிய ஊர்களிலும் கிளைகள் ஏற்பட்டன. இங்கிலாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து போன்ற தேசங்களிலிருந்து வாலிபர்களும் பெண்களும் தொண்டர்களாக வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம், விவசாய யோசனை, கணக்கெடுப்பு என்று ஆளுக்கொரு வேலை பார்த்தார்கள்.

படித்த தொண்டர் கிராமத்துக்குப் போனால் முதலில் என்ன செய்வார்? பேசுவார்! டோல்சியின் முறை வேறு. மாலையில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, கேள்வி மட்டும் கேட்பார். படிக்காத கூலியும், வயசான அம்மாவும் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்லும் வரை பொறுத்திருப்பார். இப்படி நடந்த ஒரு கூட்டத்தில்தான் அணைக்கட்டு யோசனை பிறந்தது. சொன்னவர் இஞ்சினியர் அல்ல, சாதாரண விவசாயி. குளிர்கால மழைத் தண்ணீரெல்லாம் யாட்டோ ஆற்றில் ஓடிக் கடலில் கலக்கிறது. கோடையில் குடிக்கவும் பயிருக்கும் தண்ணீர் இல்லை. ஓடுகிற தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து வைப்பது போலப் பிடித்து வைத்தால் என்ன என்பது அவர் யோசனை.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்தப் பக்கத்துக் கிணறுகள் மாபியா என்ற ரவுடிக் கும்பலின் பிடியில் இருந்தன. தண்ணீர் விற்றுக் காசு பார்ப்பவர்களுக்கு அணை வந்தால் பிழைப்புப் போய் விடும். ஆகவே தடைக்கு மேல் தடை. 1962 செப்டம்பரில் டோல்சி மறுபடியும் உண்ணாவிரதம் இருந்தார். ஒன்பது நாள். அதன் பிறகே அரசாங்கம் இறங்கி வந்தது. 1963ல் வேலை ஆரம்பமாயிற்று. அணை கட்டுகிற வேலையிலேயே பலருக்குக் கூலி கிடைத்தது. தண்ணீரைப் பங்கு போடுவதும் ரவுடிகள் கைக்குப் போகாமல் இருக்க, விவசாயிகளே கூட்டுச் சங்கம் அமைத்துக் கொண்டார்கள்.

நம் கெடாவிலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் மூடா, பெடு அணைகள் எழுந்தன. மெர்கோங் பக்கத்து வயல்களில் வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான். ஓர் அணை ஒரு வட்டாரத்தின் வயிற்றை எப்படி மாற்றும் என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். சிசிலியிலோ அதே மாற்றத்தைக் கூலிகள் கேட்டு, பட்டினி கிடந்து, பெற வேண்டியிருந்தது.

தோல்விகளும் உண்டு

டோல்சியின் வாழ்க்கை வெற்றி மேல் வெற்றி என்று எழுதினால் அது பொய்யாகும். மாபியாவோடு தொடர்பு வைத்திருந்தார்கள் என்று 1965ல் சில பெரிய அரசியல்வாதிகளின் பெயரைச் சாட்சிகளோடு வெளியிட்டார். அவர்கள் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். கோர்ட்டு டோல்சிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, இரண்டாண்டுச் சிறை விதித்தது. பொது மன்னிப்பு வந்ததால் அவர் உள்ளே போகவில்லை.

1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கில் பூகம்பம் வந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஊர்கள் தரைமட்டமாயின. இரண்டு வருஷம் கழிந்தும் ஜனங்கள் தகரக் கொட்டகையில்தான் கிடந்தார்கள். 1970 மார்ச் 25ஆம் தேதி டோல்சியும் கூட்டாளிகளும் பார்ட்டினிக்கோவில் சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கி, அந்த ஜனங்களின் துன்பத்தை உலகுக்குச் சொன்னார்கள். அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் வானொலி நடத்தக் கூடாத காலம் அது. ஒரு நாளைக்குச் சற்று மேலாக ஒலித்தது. போலீஸ் வந்து மூடி விட்டது. கூடவே உழைத்தவர்கள் சிலர் கருத்து வேறுபட்டுப் பிரிந்தும் போனார்கள். வெளிநாட்டுத் தொண்டர்களும் வந்தபடியே திரும்பிப் போனார்கள். தங்கியது ஊர் ஜனங்களும் அவருந்தான்.

கடைசிக் காலத்தில் குழந்தைகளின் கல்வியில் கவனம் செலுத்தினார். வாயால் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை, வளர்ந்த பிறகு யாருக்கும் அடிமையாகாது என்று நம்பினார். சிசிலியின் காந்தி என்று அவரை அழைத்தார்கள். காந்திய நெறியை இந்தியாவுக்கு வெளியே பரப்பியதற்கான ஜம்னாலால் பஜாஜ் விருது 1989ல் அவருக்குக் கிடைத்தது. 1997 டிசம்பர் 30ஆம் தேதி கண்ணை மூடினார்.

கால்வாய்க்குப் பதில்

தொண்டு என்பது நமக்குப் புதிதல்ல. 1946, 1947ஆம் ஆண்டுகளில், இதே கெடாவில், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரில் நம் தொழிலாளர்கள் திரண்டார்கள். சம்பளத்துக்காக அல்ல. கள்ளுக்கடை நம் கூலியையும் குடும்பத்தையும் விழுங்குகிறது என்று அதன் வாசலில் மறியல் செய்தார்கள். அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். தொண்டும் போராட்டமும் இரண்டல்ல என்பதை டோல்சி பார்ட்டினிக்கோவில் மண்வெட்டி தூக்குவதற்கு முன்பே நம்மவர்கள் காட்டி விட்டார்கள்.

இப்போது அந்தத் தோட்டத்துக் கால்வாய்க்கு வருவோம். பெரியவர் சொன்னது சரி: நிர்வாகத்தின் கடமையை நாம் வாயை மூடிக் கொண்டு செய்து கொடுத்தால் அது ஓசி வேலை. அடுத்த கால்வாயும் நம் தலையில்தான் விழும். இளைஞர்கள் சொன்னதும் சரி: காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, நிர்வாகத்தின் பதில் வரும் வரை காத்திருக்காது. டோல்சியின் கூலிகள் இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். மண்ணை வெட்டினார்கள்; இது யாருடைய கடமை என்று வெளிச்சம் போட்டும் காட்டினார்கள். மௌனமாகச் செய்தால் அடிமை வேலை, சொல்லிச் செய்தால் போராட்டம். மண்வெட்டி ஒன்றுதான், வித்தியாசம் வாயில் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்திற்கு மறுபடியும் போகிறோம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், இந்த வேலைக்குக் கூலி எவ்வளவு, இனி யார் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதி, சங்கத்தின் பேரில் நிர்வாகத்துக்கும் சுகாதார இலாகாவுக்கும் முன்கூட்டியே கொடுக்கப் போகிறோம். கடிதத்தில் முதல் கையெழுத்து அந்தப் பெரியவருடையதாக இருக்க வேண்டும் என்பது நம் ஆசை. அதற்கு முன்னால், எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து அவரைப் பேசச் சொல்லிக் கேட்போம். போன தடவை நாம் செய்யத் தவறியது அதுதான்.